கடல் கடந்தாலும் கைவிடலாகாத எண்

சாம்பியன் ரீப்ஸிலிருந்து தமிழகம் செல்லும் நம்மவர் பெரும்பாலும் பங்காருப்பேட்டையில் வண்டி மாறுவர். அங்கிருந்து ஜோலார்ப்பேட்டைக்குச் செல்லும் இருப்புப் பாதை கர்நாடகத்தில் புறப்பட்டு, குப்பத்தருகே ஆந்திரத்தைக் கடந்து, பின்பு தமிழகத்தினுள் நுழைகிறது. சிறிது கண்ணயர்ந்து எழுவதற்குள் மூன்று மாநிலங்கள் வந்து போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் வரையில், இந்தச் சிறு பயணத்துக்குள் நம் சட்டைப் பையிலிருந்த கைபேசி இரண்டு முறை ஒலி எழுப்பும். வேற்று வட்டாரத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள், இனிக் கட்டணம் வேறு என்று குறுஞ்செய்தி வரும். அந்த நேரத்தில் ஊரிலிருந்து தாயார், "எங்கே போய்க்கொண்டிருக்கிறாய் அப்பா?" என்று கேட்க அழைத்தால், அந்த அழைப்பை ஏற்றதற்கும் நாமே காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஆதலால் பலர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஊர் சேர்ந்த பிறகு பேசினர்.

இதற்குக் காரணம் யாதெனில், கைபேசிச் சேவைக்காக நம் நாட்டைப் பல தொலைத்தொடர்பு வட்டாரங்களாகப் பிரித்திருந்தனர். கர்நாடகம் ஒன்று, ஆந்திரம் ஒன்று, தமிழகம் ஒன்று. தன் வட்டாரத்தை விட்டு வெளியே சென்றவன் அயல் வட்டாரத்தில் விருந்தினன்; விருந்துக்கு விலை உண்டு. இதற்கு ‘ரோமிங்’ என்று பெயர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-ஆம் ஆண்டிலும் 2015-ஆம் ஆண்டிலும் இக்கட்டணத்தின் உச்சவரம்பைக் குறைத்தது. பின்னர் வந்த சேவைத் திட்டங்களில் உள்நாட்டு ரோமிங் கட்டணம் மறைந்தேவிட்டது. இன்று குப்பத்தைக் கடக்கும்போது எவரும் கைபேசியைக் கண்டு அஞ்சுவதில்லை.

ஆனால் நாட்டின் எல்லையைக் கடக்கும்போது அந்தப் பழைய கதை அப்படியே தொடர்கிறது. கட்டணம் மட்டும் பன்மடங்கு பெரியது. தங்கச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் மூடப்பட்ட பின்னர், நம் மக்களில் பல்லாயிரவர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று உழைக்கலாயினர். வளைகுடா நாடுகளுக்கும், சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளுக்கும் சென்றவரும் உண்டு. மும்பையிலும் டில்லியிலும் ஆமதாபாத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் நிலையும் இதுவே. ஏற்கெனவே ஊரைப் பிரிந்து வந்த நமக்கு, மகனோ மகளோ கடல் கடப்பது இரண்டாவது பிரிவு. அந்தப் பிரிவில் குடும்பத்தைக் கட்டி நிறுத்தும் கயிறாகக் கைபேசி விளங்குகிறது. அந்தக் கயிறு அறாமல் இருக்க நாம் அறிந்துகொள்ள வேண்டியவை யாவை என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில், அயல்நாட்டு மண்ணில் இறங்கியவுடன் நம் கைபேசி எவ்வாறு அந்நாட்டுச் சேவையைப் பெறுகிறது என்பதைப் பார்ப்போம். கைபேசியினுள் செருகப்பட்டுள்ள சிம் அட்டை நகத்தளவே ஆயினும் அது வெறும் தகடு அன்று. ஒரு சிறு கணிப்பொறி. 1991-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள மியூனிக் நகர நிறுவனம் ஒன்று முதன்முதலாக இத்தகைய அட்டைகளைச் செய்தளித்தது. அவ்வட்டையினுள் 15 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 424. நாம் பிறருக்குச் சொல்லும் பத்து இலக்கத் தொலைபேசி எண் வேறு, இந்த உள் எண் வேறு.

சுரங்கத்தில் வேலை செய்த குடும்பத்தார்க்கு ஒன்று நன்றாக நினைவிருக்கும். பூமிக்குள் இறங்குவோர் ஒவ்வொருவருடைய பெயரும் மேலே பதிவேட்டில் குறிக்கப்படும். ஏறி வந்ததும் அதுவும் குறிக்கப்படும். யார் இப்பொழுது கீழே இருக்கிறார் என்பதை அந்த ஏட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கைபேசி நிறுவனங்களும் இத்தகைய இரண்டு ஏடுகளை வைத்திருக்கின்றன. ஒன்று தாய் நிறுவனத்தின் ஏடு. தன் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் எந்நேரமும் எங்கிருக்கிறார் என்பதை அது குறித்து வைக்கிறது. மற்றொன்று விருந்தினர் ஏடு. அயலூரிலிருந்து வந்து தன் எல்லைக்குள் இருப்போரை ஒவ்வொரு நிறுவனமும் அதில் பதிந்துகொள்கிறது.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்கி நம் கைபேசியை இயக்கியவுடன், அங்குள்ள நிறுவனம் உள் எண்ணைப் படித்து, இது இந்திய அட்டை என்று அறிந்து, இந்தியாவிலுள்ள தாய் நிறுவனத்தை வினவுகிறது. தாய் நிறுவனம் ஒரு கேள்வியையும் அதற்குரிய விடையையும் அனுப்புகிறது. கேள்வி மட்டும் நம் கைபேசிக்குச் செல்லும். சிம் அட்டை தன்னுள் ஒளித்து வைத்துள்ள இரகசிய எண்ணைக் கொண்டு விடையைக் கணக்கிட்டுச் சொல்லும். இரு விடைகளும் ஒத்தால் கதவு திறக்கும். அந்த இரகசிய எண் மட்டும் அட்டையை விட்டு வெளியே வருவதேயில்லை. இவ்வளவும் சில நொடிகளில் முடிகின்றன. இவ்வாறு இரு நாட்டு நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் 1992-ஆம் ஆண்டில் பின்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையே ஏற்பட்டது. இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் அதன் பின்னர், 1995-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள், கல்கத்தாவிலிருந்த முதலமைச்சர் ஜோதி பாசுவுக்கும் டில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுக்கும் இடையே நிகழ்ந்தது.

இனி, கட்டணம் ஏன் மிகுகிறது? ஊரிலுள்ள மனைவி கணவனின் இந்திய எண்ணை அழைக்கிறாள் எனக் கொள்வோம். அவள் அறிந்த வரையில் அது உள்நாட்டு அழைப்பு; உள்நாட்டுக் கட்டணமே அவளுக்கு. ஆனால் அழைப்பு முதலில் இந்தியாவிலுள்ள தாய் நிறுவனத்தை அடைந்து, அங்குள்ள ஏட்டைப் பார்த்து, ஆள் சிங்கப்பூரில் இருப்பதை அறிந்து, கடல் தாண்டிச் செல்கிறது. இந்த இரண்டாம் பகுதிக்கு உரிய செலவை எவர் கொடுப்பது? அழைத்தவளுக்கு அது தெரியாதாகையால், பயணம் சென்றவனே கொடுக்கிறான். அழைப்பை ஏற்றதற்கும் காசு என்பதன் காரணம் இதுவே.

இதனினும் விந்தையான நிலை ஒன்று உண்டு. நம் ஊரார் இருவர் சிங்கப்பூரில் அடுத்தடுத்த தெருக்களில் தங்கியிருந்து, இருவரும் இந்திய அட்டைகளையே வைத்திருந்தால், ஒருவர் மற்றவரை அழைக்கும் அழைப்பு இந்தியா வரை வந்து திரும்பவும் சிங்கப்பூருக்குச் செல்லும். அழைத்தவரும் கட்டணம் கொடுப்பார், ஏற்றவரும் கொடுப்பார். நடந்து போய்ப் பேசிவிட்டு வருவது எவ்வளவோ மலிவு!

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த நாடுகள் தமக்குள் இக்கட்டணத்தை 2017-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் முதல் நீக்கிக்கொண்டன. நமக்கு அவ்வசதி இல்லை. குறுகிய பயணம் செல்வோர் புறப்படுமுன்பே தம் நிறுவனத்தின் வெளிநாட்டுத் திட்டம் ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம். ஒரு வாரம், பத்து நாள் செல்வோருக்கு அது போதும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்குவோருக்குத் தங்கும் நாட்டின் சிம் அட்டையே உகந்தது. அதனால் உள்ளூர் அழைப்பு மலிவாகும். இணையமும் மலிவாகக் கிட்டும். வேலை கொடுத்தவர், உடன் உழைப்போர், மருத்துவமனை ஆகியோர் எளிதில் தொடர்பு கொள்ளவும் இயலும்.

உள்ளூர் அட்டை வாங்குவோர் சில செய்திகளை உளங்கொள்ள வேண்டும். பெரும்பாலான நாடுகளில் பாஸ்போர்ட்டையோ அந்நாட்டு அடையாள அட்டையையோ காட்டிப் பதிவு செய்தாலன்றி அட்டை கிடையாது. சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று பிரீபெய்டு அட்டைகளுக்கு மேல் பெற இயலாது. நம் பெயரில் வாங்கிய அட்டையை இரக்கப்பட்டுப் பிறருக்குக் கொடுப்பதும், சிறு தொகைக்கு ஆசைப்பட்டு விற்பதும் பெருந்தீங்காய் முடியும். அவ்வட்டையைக் கொண்டு எவனோ மோசடி செய்தால் காவலர் தேடி வருவது நம்மைத்தான். அட்டைகளை அவ்வாறு கைமாற்றி மோசடிக்கு இடங்கொடுப்பதையே குற்றமாக்கும் சட்டம் சிங்கப்பூரில் 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்துள்ளது.

கைபேசியும் அந்நாட்டுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. மலேசியாவில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது. ஆகவே, ஊரில் நன்றாக வேலை செய்யும் பழைய பொத்தான் கைபேசி சிங்கப்பூர் சென்றதும் ஊமையாகிவிடக்கூடும். அன்றியும், தவணையில் வாங்கப்பட்ட சில கைபேசிகள் ஒரே நிறுவனத்தின் அட்டையை மட்டும் ஏற்குமாறு பூட்டப்பட்டிருக்கும். புறப்படுமுன் வேறொரு நிறுவனத்தின் அட்டையைச் செருகிப் பார்த்துவிட்டால் இந்த ஐயம் தீரும்.

இதுகாறும் சொன்னவற்றைப் பலரும் அறிவர். நாம் இன்று முதன்மையாகச் சொல்ல விழைவது இனி வருவது. அயல்நாட்டு அட்டை கைக்கு வந்தவுடன் நம்மவரிற் சிலர் இந்திய அட்டையைக் கழற்றி எங்கேயோ போட்டுவிடுகின்றனர். ‘இங்கே இதனால் என்ன பயன்? வீணே மாதந்தோறும் பணம் கட்டுவானேன்?’ என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் பெரும் இழப்புக்கு வித்து.

கைபேசி எண் இன்று பேசுவதற்கு மட்டும் உரியதன்று. நம் வங்கிக் கணக்கு, ஆதார், வருங்கால வைப்பு நிதி, எரிவாயு இணைப்பு, இணையவழிப் பணப் பரிமாற்றம் ஆகியவை அனைத்தும் அந்தப் பத்து இலக்கங்களோடு பிணைக்கப்பட்டுள்ளன. வங்கியிலிருந்து பணம் அனுப்ப முயன்றால், ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவு எண் அந்த இந்திய எண்ணுக்கே வரும். அந்த எண் உயிரோடு இல்லையெனில், பணம் நம்முடையதாயினும் நாம் அதை எடுக்க இயலாது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகன் வளைகுடா நாட்டில் உழைக்கிறான். தகப்பனார் சாம்பியன் ரீப்ஸில் இருக்கிறார். ஊரிலுள்ள கணக்கில் மகன் சேர்த்து வைத்த தொகை இருக்கிறது. தகப்பனாருக்கு நெஞ்சு வலி கண்டு பெங்களூர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள். உடனே பணம் கட்டவேண்டும். மகன் அங்கிருந்து கைபேசியில் பணம் மாற்ற முயல்கிறான். கடவு எண் எங்கே போகிறது? ஏழு மாதங்களுக்கு முன் அவன் கழற்றியெறிந்த அட்டைக்குப் போகிறது. கணக்கில் பணம் இருந்தும் கைக்கு வரவில்லை. இத்தகைய இடர் எவர் வீட்டிலும் நேரலாம்.

இதனினும் அஞ்சத்தக்கது மற்றொன்று. கைவிட்ட எண் நெடுங்காலம் சும்மா கிடப்பதில்லை. 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இன்றிக் கிடக்கும் பிரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டித்துவிட விதியில் இடமுண்டு. துண்டித்த எண்ணைச் சில காலம் கழித்து வேறொருவருக்கு வழங்கிவிடுவர். அப்போது நம் வங்கியின் செய்திகள் முன்பின் அறியாத ஒருவர் கைக்குச் செல்லும். அவர் நல்லவராயின் நம் நற்பேறு.

ஆகவே இரண்டு எண்களையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. அயல்நாட்டு எண் வழிச்சோறு. இந்திய எண் வீட்டுச் சாவி. வழிச்சோறு கிடைத்துவிட்டதென்று வீட்டுச் சாவியை எறிந்துவிடுவார் உண்டோ?

இரண்டையும் காப்பது கடினமன்று. இக்காலக் கைபேசிகள் பலவற்றில் இரண்டு அட்டைகளைச் செருக இடமிருக்கிறது. ஒன்றில் இந்திய அட்டையும் மற்றொன்றில் அயல்நாட்டு அட்டையும் இருக்கலாம். இ-சிம் என்னும் புது முறையில் அட்டையே வேண்டுவதில்லை. கைபேசியினுள் பதிந்துள்ள சில்லில் நிறுவனத்தின் விவரங்கள் இணையத்தின் வாயிலாக இறங்கிவிடும். அத்தகைய கைபேசி உள்ளவர் இந்திய அட்டையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அயல்நாட்டு எண்ணை இ-சிம்மாகப் பெறலாம்.

இந்திய அட்டைக்குச் செய்ய வேண்டியவை நான்கு. புறப்படுமுன், வெளிநாட்டு ரோமிங் வசதியை இயக்கிக்கொள்ளுதல் ஒன்று; அது இன்றேல் குறுஞ்செய்தியும் வந்து சேராது. பெரும்பாலான திட்டங்களில் வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் இல்லை. எனினும் நிறுவனத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுதல் நன்று. அந்த அட்டையின் இணைய ரோமிங்கை அணைத்து வைத்தல் இரண்டு. இல்லையேல் நாம் உறங்கும்போதும் கைபேசி தானாகவே இணையத்தை நாடிப் பணத்தை விழுங்கும். காலம் தவறாமல் ரீசார்ஜ் செய்தல் மூன்று. இதை ஊரிலுள்ள தம்பியோ தங்கையோ செய்யலாம், அதற்குரிய நாளை நாட்காட்டியில் குறித்து வைக்கலாம். வரும் அழைப்பை அவ்வெண்ணில் ஏற்காமல், அயல்நாட்டு எண்ணிலிருந்தோ இணையத்தின் வழியாகவோ திரும்பப் பேசுதல் நான்கு.

நெடுங்காலம் தங்குவோர் தம் வங்கியிடம் நிலையைத் தெரிவித்து, கணக்கை வெளிநாடு வாழ் இந்தியருக்குரிய கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அத்தகைய கணக்குகளில் அயல்நாட்டு எண்ணைக் கொண்டே யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்ப 2023-ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டது. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், ஸவூதி அரேபியா, ஓமான், கத்தார் ஆகியவை முதற்பட்டியலிலேயே இடம்பெற்றன.

இணையவழிப் பேச்சிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஸவூதி அரேபியா இணையக் குரலழைப்புக்கு இருந்த தடையை 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் நீக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்திலோ உரிமம் பெற்ற செயலிகள் வாயிலாகவே பேச இயலும். வாட்ஸப் இந்திய எண்ணில் இயங்கிவருமாயின், அயல்நாட்டு அட்டை வாங்கியதற்காக அந்த எண்ணையும் மாற்ற வேண்டுவதில்லை. பழைய எண்ணிலேயே அது தொடரும்.

எண்களை எழுதும் முறையையும் ஊரிலிருக்கும்போதே திருத்திக்கொள்வோம். ஒவ்வோர் இந்திய எண்ணின் முன்னும் +91 சேர்த்துப் பதிந்தால், எந்நாட்டிலிருந்தும் அழைப்பு தவறாது செல்லும். தரைவழித் தொலைபேசியாயின் முதலிலுள்ள பூஜ்யத்தை நீக்க வேண்டும். தங்க வயலின் குறியெண் 08153 என்பது வெளிநாட்டிலிருந்து அழைக்கையில் +91 8153 ஆகும். நேரத்தையும் கருதவேண்டும். நமக்கு இரவு ஒன்பது மணி ஆகும்போது துபாயில் ஏழரை, சிங்கப்பூரில் பதினொன்றரை. விடியற்காலை வேலைக்குச் செல்லும் பிள்ளையை நள்ளிரவில் எழுப்பாதிருப்பதும் அன்பே.

எல்லையோரங்களில் சிறிது எச்சரிக்கை தேவை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸுக்கும் மலேசியாவின் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலமே குறுக்கிடுகிறது. கரையோரம் தங்கியிருப்பவரின் கைபேசி அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால், அசையாமல் வீட்டிலிருந்தே அவர் அயல்நாட்டுக் கட்டணம் செலுத்த நேரும். தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்தி, நிறுவனத்தின் பெயரை நாமே தேர்ந்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம். கப்பலிலும் விமானத்திலும் செயற்கைக்கோள் வழியாகக் கிட்டும் சேவையின் கட்டணம் மிகப் பெரிது. அங்கே கைபேசியை விமான நிலையில் வைத்தலே நலம்.

கைபேசி தொலைந்தால் என் செய்வது? ஒவ்வொரு கைபேசிக்கும் 15 இலக்க அடையாள எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். அதை முன்னரே எழுதி வைத்தவர், இந்தியாவில் 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சஞ்சார் ஸாத்தி என்னும் அரசு இணையதளத்தின் வழியாகத் தொலைந்த கைபேசியை முடக்கலாம். அயல்நாட்டிலாயின் காவல் நிலையத்தில் புகார் செய்து, இரண்டு நிறுவனங்களுக்கும் உடனே அறிவித்து, அட்டைகளை முடக்கச் செய்ய வேண்டும். ஆபத்துக் கால எண்களையும் மனப்பாடம் செய்தல் வேண்டும். இந்தியாவில் 112. சிங்கப்பூரில் காவலருக்கு 999, மருத்துவ ஊர்திக்கு 995. மலேசியாவில் 999. இலங்கையில் காவலருக்கு 119; இந்திய உதவியுடன் 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவ ஊர்திச் சேவைக்கு 1990.

இறுதியாக ஒன்று. கைபேசி வந்த பிறகு நாம் எண்களை நினைவில் வைப்பதை மறந்துவிட்டோம். பெற்ற தாயின் எண்ணைக்கூட முழுமையாகச் சொல்லத் தெரியாதவர் நம்மில் எத்தனை பேர்! மின்கலம் தீர்ந்தாலும், கைபேசி திருட்டுப் போனாலும், வேலை கொடுத்தவர் அதைப் பறித்து வைத்துக்கொண்டாலும், அந்த அயல் மண்ணில் நமக்குத் துணையாவது ஒரு துண்டுக் காகிதமே. வீட்டு எண், ஊரிலுள்ள நம்பிக்கைக்குரிய ஒருவரின் எண், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண் ஆகிய மூன்றையும் மையால் எழுதி, பாஸ்போர்ட்டோடு ஒன்றும் பெட்டியில் ஒன்றுமாக வைத்தனுப்புங்கள்.

நம் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இத்தங்க வயலுக்கு வந்தபோது, ஊரோடு அவர்களை இணைத்தவை அஞ்சலட்டையும் மணியார்டரும். அவசரச் செய்திக்குத் தந்தி உதவியது. அதுவும் 2013-ஆம் ஆண்டு ஜூலையோடு விடைபெற்றது. அன்று வீட்டு விலாசத்தை மறவாதவரே பணத்தைச் சரியாகச் சேர்த்தனர். இன்று நம் விலாசம் அந்தப் பத்து இலக்கங்களே. பிள்ளைகள் எந்நாடு சென்றாலும் அந்த விலாசம் அழியாமல் காப்போம். அடுத்த முறை நம் வீட்டிலிருந்து ஒருவர் விமானம் ஏறும்போது, ஊறுகாயும் துணிமணியும் கட்டி வைப்பதோடு, "பழைய எண்ணை விட்டுவிடாதே, கண்ணே" என்னும் சொல்லையும் சேர்த்துக் கட்டி அனுப்புவோமாக.